வவுனியா முதல் ஆனையிறவு வரை: வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளையோடு நான் செய்து பார்த்தது

தரம் 3 படிக்கிற என் மருமகனுக்கு எழுத்தெல்லாம் தெரியும் என்றுதான் வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். ‘க கா கி கீ’ என்று தொடங்கினால் னகர வரிசை முடியும்வரை மூச்சு விடமாட்டான். அம்மம்மாவுக்கு அதில் பெருமை வேறு. ஒருநாள் கடையில் சும்மா இருக்கிறானே என்று பேப்பரில் ‘படம்’ என்ற சொல்லைக் காட்டினேன். முழித்தான். சரியென்று ‘டீ’யை மட்டும் எழுதிக் காட்டினேன். வாய்க்குள் ‘ட டா டி டீ’ என்று முதலில் இருந்து பாடி வந்துதான் அதைச் சொன்னான். அட்டை முழுவதையும் பாட்டாகப் பாடமாக்கி வைத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நான் ஆசிரியர் இல்லை. மாங்குளத்தில் போட்டோக் கொப்பி, லமினேற்றிங், தட்டச்சு என்று ஒரு சின்னக் கடை. அக்கா வேலையால் வர இருட்டிவிடும், பின்னேரத்தில் பிள்ளை என்னோடுதான். ஏழெட்டு மாதம் மினக்கெட்டதில் சரிவந்ததையும் பிழைத்ததையும் எழுதுகிறேன்.

தொடங்க முதல் கண்ணையும் காதையும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். அது முடியாமல் மற்றது ஒன்றும் வேண்டாம். இன்னொன்று, பிள்ளைக்கு முன்னால் ‘மொக்கு’ என்ற சொல் வரக்கூடாது. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர், வாசிக்க முடியாத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுக்க வாயால் நடந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். எங்கள் ஆளும் அப்படித்தான். கடையில் மிச்சக்காசுக் கணக்கு என்னைவிட வேகமாகச் சொல்லுவான்.

படி 1: பாட்டை உடையுங்கள்

அகரம் ஏறிய 18 எழுத்தையும் தனித்தனி அட்டைத் துண்டில் பெரிதாக எழுதி, கலைத்து, ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பாடி வந்து சொன்னால் அது கணக்கில் இல்லை. என் மருமகனுக்குப் பாடாமல் தெரிந்தவை பதினொன்று.

இதே கடையில் நான் விற்கிற சாமான்தான், இருந்தாலும் சொல்லுகிறேன்: 247 எழுத்தும் போட்ட சுவர் அட்டையை வாங்காதீர்கள். போனில் வருகிற எழுத்துப் பாட்டும் வேண்டாம். இருக்கிற பாட்டை அது இன்னும் சத்தமாகப் பாடும், அவ்வளவுதான்.

தெரியாத எழுத்தை, ஒரு தட்டில் மணலைப் பரப்பி, ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவிடுங்கள். ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதினோமே, அதேதான். கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பழக்கும் இந்த வழியை 1930களில் அமெரிக்காவில் ஓர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் ஒரு முறையாகவே வளர்த்தார்கள். ஒருநாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை ‘இன்னும் ஒன்று’ என்று கேட்கும்போதே நிற்பாட்டுங்கள்.

படி 2: அரவும் விசிறியும்

‘கா’வில் வரும் அரவும் ‘கி, கீ’யில் வரும் விசிறியும் லேசு. ஒரு கிழமையில் வந்துவிடும். உகரம் மட்டும்தான் சண்டித்தனம் செய்யும். ‘கு டு மு ரு ழு ளு’ ஒரு கூட்டம், ‘சு பு யு வு’ இன்னொரு கூட்டம், ‘து நு று லு ணு னு’ மூன்றாவது. கூட்டம் கூட்டமாகக் கொடுங்கள். ஙகர வரிசையில் ‘ங்’ ஒன்றே போதும், மற்றவற்றை வைத்து ஏன் பிள்ளையை வதைக்கவேண்டும்?

படி 3: குற்று (புள்ளி) வைத்த எழுத்து

இரண்டு மாதம் நான் முட்டுப்பட்டு நின்ற இடம் இது. எழுத்து எல்லாம் தெரிந்த பிறகும் ‘படம்’ வரவில்லை. ‘ப… ட… இம்… படயிம்’ என்றான்.

“படயிம் என்றால் என்னடா?”

“தெரியாது மாமா. அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு.”

சத்தம் போட்டேன். பிறகு இரவு படுத்திருந்து யோசித்தால், பிழை என்னில். ‘இக், இங், இச்’ என்று பெயர் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே. ‘ம்’ என்ற எழுத்தின் பெயர் ‘இம்’. அதன் ஓசையில் இகரமே இல்லை. பெரியவர்கள் எங்களுக்கு அந்த இகரம் தானாகவே உதிர்ந்துவிடும். பிள்ளையோ நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறான்.

மாற்றிச் செய்தது இதுதான். குற்று வைத்த எழுத்தைத் தனியாகச் சொல்லவே விடவில்லை. அது முன்னால் உள்ள எழுத்தின் முதுகில் ஏறித்தான் வரும் என்றேன். முதலில் ‘கல், பல், கண், மண், பால், நாய்’. இரண்டு எழுத்துக்கும் கீழே பென்சிலால் ஒரு வளைவு, விரல் அந்த வளைவில் ஒரே இழுவையாகப் போகவேண்டும். பிறகு ‘படம்’: ப, டம். பிறகு ‘பட்டம்’: பட், டம். கைதட்டிச் சொன்னால் இரண்டு தட்டு. மூன்று தட்டினால் எங்கேயோ இகரம் நுழைந்திருக்கிறது.

இரண்டு கிழமை பிடித்தது. வேறு எதிலும் அவசரப்பட்டாலும் பரவாயில்லை, இதில் வேண்டாம்.

படி 4: கொம்பு

‘கொ’ என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ககரம். எங்களைப்போலப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுப் பழகினவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரம், பிறகு அரவு. யுனிகோட்டுக்கு மாறினபோது ககரத்தைத்தான் முதலில் அடிக்கவேண்டும் என்று கை பழக எனக்கே கனகாலம் எடுத்தது. பிள்ளையின் கண்ணுக்கும் அதே மாற்றம்தான் தேவை.

பைண்டிங்குக்கு மேலே போடுகிற கண்ணாடித் தாளில் கொம்பையும் அரவையும் மார்க்கரால் எழுதி, க, த, ப, ம அட்டைகளுக்கு மேலே வைக்கவிட்டேன். தாள் இல்லாமல் ‘க’. வைத்தால் ‘கொ’. எடுத்தால் திரும்பவும் ‘க’. வைத்தும் எடுத்தும் விளையாட விட்டுவிடுங்கள். ஒற்றைக் கொம்பு நன்றாகப் பதிந்த பிறகே இரட்டைக் கொம்பு.

படி 5: ஏ9 வீதி

வாசிக்கப் புத்தகம் கொடுத்தால் படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துவிடுகிறான். ஊர்ப்பெயர்ப் பலகையில் படம் இல்லை. ஏ9 வீதியில் வவுனியாவில் இருந்து வடக்கே வரும் பெயர்களை வரிசையாகப் பாருங்கள். ‘வவுனியா’வில் குற்றும் இல்லை, கொம்பும் இல்லை, அதனால் முதல் நாளே வாசித்துவிடலாம். ‘ஓமந்தை’யில் ஒரு குற்று. ‘புளியங்குளம்’, ‘கனகராயன்குளம்’, எங்கள் ‘மாங்குளம்’ மூன்றிலும் ‘குளம்’ திரும்பத் திரும்ப வருவதால், மூன்றாவதில் அதைப் பார்த்த உடனேயே சொல்லிவிடுவான். ‘முறிகண்டி’யில் பஸ் நிற்கும், பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, ‘கச்சான்’ என்ற எழுத்தை வாசித்தால் ஒரு பை கச்சான். ‘கிளிநொச்சி’யில்தான் கொம்பும் அரவும் குற்றும் ஒன்றாக வரும். ‘பரந்தன்’: ப, ரந், தன். ‘ஆனையிறவு’ நீளமாகத் தெரிந்தாலும் லேசான சொல்.

பஸ் வேகமாகப் போனால் பலகை பறந்துவிடும். ஆதலால் அதே பெயர்களைக் கடையில் 48 அளவு எழுத்தில் அச்சடித்து, முதல் நாளே வாசிக்கவிட்டுப் பிறகு கூட்டிப் போனேன். எழுத்துக்குக் கீழே விரல் வைத்து வாசித்தால் சில இடங்களில் அதட்டுவார்கள். வைக்கட்டும். தேவையில்லாத அன்றைக்கு விரல் தானாக எடுபடும்.

பின்னர் சேர்த்தது

மல்லாவியில் இருந்து ஒரு அம்மா கேட்டா: மகள் ‘காற்று’ என்பதை ‘காட்டு’ என்றும் ‘கன்று’ என்பதை ‘கண்டு’ என்றும் எழுதுகிறாளாம். எங்கள் பேச்சில் இரண்டும் கிட்டக் கிட்ட ஒலிப்பதால் வருகிற எழுத்துப்பிழை அது, வாசிப்புக் குறைபாடாக எடுக்கவேண்டாம். வாசிப்பு ஓடத் தொடங்கின பிறகு திருத்தலாம். நாலைந்து மாதம் ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லையென்றால், வகுப்பாசிரியரோடு கதைத்து, கிட்டவாக விசேட கல்வி அலகு உள்ள பள்ளிக்கூடம் எது என்று விசாரியுங்கள். சிறுபிள்ளை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

இன்னொருவர் சொன்ன சிக்கல் எங்களுக்கும் வந்தது. கொஞ்சம் வாசிக்கத் தொடங்கியதும் முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை அடித்துவிடுவது. ‘மாங்குளம்’ என்று எழுதிக் கொடுத்தால் ‘மாம்பழம்’ என்பான். இதற்கு இல்லாத சொற்களை எழுதிக் கொடுக்கிறேன், ஊகிக்க இடமில்லை. போன ஞாயிறு ‘நொம்பிளான்குளம்’ என்று எழுதினேன். வளைவு போட்டு, விரலை இழுத்து, சரியாக வாசித்தான். வாசித்துவிட்டுக் கேட்டான்:

“அது எங்க மாமா இருக்கு? பஸ் போகுமோ?”