ரீசெட் ஊசியை எடுக்க முன்: லினக்ஸில் இணையம் நின்றால் செய்யக் கூடாதவை

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து மாமி போன் எடுத்தார். "தம்பி, வைஃபை புல்லா நிக்குது, ஒண்டும் திறக்குதில்லை. ரவுட்டரை ரீசெட் பண்ணட்டோ?" நான் பதறிப்போய், "தொடாதேங்கோ மாமி, வாறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

பதறியதற்குக் காரணம் உண்டு. ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போடுவது வேறு, பின்னால் உள்ள துளைக்குள் ஊசியை விட்டு அழுத்துவது வேறு. ஊசியை அழுத்தினால் வைஃபை கடவுச்சொல் போய்விடும். லைன் பிபிபிஓஇ முறையில், அதாவது பயனர்பெயர் கொடுத்து உள்ளே போகும் முறையில், ஓடுகிறது என்றால் இணைப்புக்குரிய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழியும். அவற்றை எழுதி வைத்திருக்கும் வீடுகளை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

மாமி வீட்டில் பழுது ரவுட்டரில் இருக்கவே இல்லை. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் அவரது மடிக்கணினியில், கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து 'ஐபி ரூட்' என்று அடித்தேன். வெளியே போகும் வழியைக் காட்டும், 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று வைஃபை வழியாக 192.168.1.1-க்கு, மெட்ரிக் 600. மற்றது கேபிள் வழியாக 192.168.0.1-க்கு, மெட்ரிக் 100. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் மேசைக்குக் கீழே ஒரு பழைய ரவுட்டர். அதன் லைனை வெட்டி எத்தனையோ நாள். பிரின்டருக்காக மச்சான் அதைக் கரண்டில் விட்டிருந்தார்.

வெளியே போக இரண்டு வழி இருந்தால் மெட்ரிக் எண் சிறியதாக உள்ள வழியைத்தான் லினக்ஸ் எடுக்கும். லினக்ஸில் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று கொடுக்கிறது. ஆகவே வைஃபை நன்றாக இருந்தும் மாமியின் கணினி செத்த வழியிலேயே போய் முட்டிக்கொண்டிருந்தது. சில டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் வகைகளில், நெட்வொர்க் மேனேஜர் இணையம் உண்மையில் வருகிறதா என்று தானே சோதித்து, வராத வழியின் எண்ணோடு 20000-ஐக் கூட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். இந்தக் கணினியில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டிருந்தது. கேபிள் இணைப்பின் ஐபிவி4 அமைப்புக்குள் போய், 'இதன் வலைக்குள் உள்ளவற்றுக்கு மட்டும்' என்ற பொருளில் இருக்கும் கட்டத்தில் ஒரு சரி போட்டேன். பிரின்டரும் ஓடியது, இணையமும் வந்தது.

வைஃபை குறி நிறைந்து நிற்பதை இணையம் இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் காணும் தவறு. அது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள சில மீட்டர் தூரத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது. அதற்கு அப்பால் அறிய, படியாகப் போக வேண்டும். முதலில் 'ஐபி அட்ரஸ்' அடித்து முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை. சரியாக இருந்தால் பதில் வருகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளை: முதலில் ரவுட்டருக்குப் பிங், பிறகு வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8-க்குப் பிங், கடைசியாக ஒரு தளத்தின் பெயருக்குப் பிங். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் பழுது, தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில்தான். அந்த நேரத்தில் பலர் டிஎன்எஸ் முகவரி எழுதியிருக்கும் 'ரிசால்வ் கான்ஃப்' கோப்பைத் திறக்கிறார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அதற்குள் 127.0.0.53 என்று இருக்கும். 'இது என்ன பிழையான எண்' என்று அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவார்கள். அது பிழை இல்லை. பெயர்களைத் தேடித் தரும் சிஸ்டம்டி சேவை உங்கள் கணினிக்குள்ளேயே அந்த முகவரியில் இருக்கிறது. கையால் எழுதியதோ அடுத்த முறை கணினியைப் போடும்போது காணாமல் போகலாம். உண்மையில் எந்த டிஎன்எஸ் கேட்கப்படுகிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். மாற்றுவதை இணைப்பின் அமைப்புக்குள் மாற்றுங்கள்.

அப்புறம், இரண்டு ரவுட்டர் விவகாரம். எங்கட பக்கத்துப் பழைய வீடுகளில் ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கும், குசினி பின்னால் தள்ளி இருக்கும். நடுவில் தடித்த கற்சுவர். சிக்னல் எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கிப் பின்னால் பூட்டுகிறார்கள். இரண்டும் 192.168.1.1 என்றே இருந்து, இரண்டும் டிஎச்சிபியில் முகவரி பங்கிட்டால், விறாந்தையில் ஓடும் கணினி குசினியில் ஓடாது. 'ஐபி நெய்பர்' அடித்துப் பாருங்கள். அதே 192.168.1.1-க்கு விறாந்தையில் ஒரு எம்ஏசி முகவரியும் (கருவிக்குக் கருவி மாறும் அடையாள எண்) குசினியில் வேறொன்றும் வந்தால் சந்தேகமே வேண்டாம். பின்னால் உள்ளதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிளை இணைய லைனுக்குரிய வான் துளையில் இல்லாமல், கணினிகளைப் பூட்டும் லான் துளையில் செருகினால் போதும்.

வெளியில் இருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலை 'ஐபிடேபிள்ஸ்' கட்டளையால் ஒரேயடியாகத் துடைப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி ஓடும் கணினியில் அடிப்படை விதியே 'உள்ளே விடாதே' என்பதுதான். துடைக்கும்போது அனுமதி தந்த விதிகள் அழியும், அந்த அடிப்படைத் தடை அப்படியே நிற்கும். கொஞ்சமாவது வந்துகொண்டிருந்ததும் நின்றுவிடும்.

பழைய கணினி என்றால் நேரத்தையும் பாருங்கள். மதர்போர்டு பட்டரி செத்த கணினி, கரண்ட் போய் வந்தபின் பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கலாம். பிங் எல்லாம் ஒழுங்காகப் போகும், பிரவுசர் மட்டும் தேதி பொருந்தாததால் சான்றிதழ் பிழை என்று தளங்களைத் திறக்க மறுக்கும். அங்கே ரூட்டைத் தோண்டுவது வீண் வேலை.

அன்று கிளம்ப முன் மாமியின் கணினியில் 'ஐபி ரூட்' காட்டியதை 'நல்ல வழி' என்ற பெயரில் ஒரு கோப்பாகச் சேமித்தேன். போன மாரி மழைக்கு இணையம் நின்றபோது, அந்தக் கோப்பையும் புதிதாக அடித்து வந்ததையும் மாமி போனில் வரி வரியாக வாசித்தார். இரண்டும் ஒன்றுதான். "மாமி, கணினியை விடுங்கோ, சுவரில இருக்கிற ஃபைபர் பெட்டியைப் பாருங்கோ" என்றேன். லைனில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது. வாசலில் தென்னோலை விழுந்து லைன் அறுந்து கிடந்தது.