போர்ட்டபிளா, சென்ட்ரலா? வன்னி வீடுகளில் ஏசி வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் வன்னியின் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. ஆவணி நடுப்பகுதியில் மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வீசும். பெருமழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் விடுமுறைக்கு வருவதும் இந்த மாதங்களில்தான். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஏசி பற்றிய பேச்சு வீட்டுக்குள் நுழைவதும் அப்போதுதான். பேச்சு பெரும்பாலும் இரண்டு முனைகளில் நிற்கும்: சில்லுப் பூட்டிய போர்ட்டபிள் ஏசி மலிவு, கொண்டுவந்து வைத்தால் வேலை முடிந்தது என்பார் ஒருவர், வீடு முழுவதற்கும் சென்ட்ரல் ஏசி போட்டால்தான் நீண்ட காலத்தில் லாபம் என்பார் மற்றவர்.

இந்த இரண்டுக்குள் ஒன்றைத் தெரிந்தெடுக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. வன்னியிலுள்ள பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே பொருந்துவதில்லை. ஏன் என்று விளங்கிக்கொண்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் உங்கள் பணம் உங்களிடம் இருக்கும்.

கனடாக் கணக்கை வன்னியில் போடுவது

சென்ட்ரல் ஏசி மலிவு என்று ரொறன்ரோவில் இருக்கும் மாமா சொல்வதில் பொய்யில்லை. அங்கே பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் வாழ முடியாது. அதற்காக நிலவறையில் ஒரு சூடாக்கியும், சூடான காற்றை அறை அறையாகக் கொண்டுசெல்லும் தகரக் குழாய்களும் பெரும்பாலான வீடுகளில் கட்டும்போதே வந்துவிடுகின்றன. கோடையில் குளிர்காற்றும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. குளிரூட்டும் இயந்திரத்தை மட்டும் சேர்த்தால் போதும். மிகச் செலவான பகுதி ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறது.

நமக்கு அந்தக் குழாய்கள் இல்லை, ஒருநாளும் தேவைப்பட்டதும் இல்லை. இங்கே சென்ட்ரல் ஏசி என்றால் குழாய் ஒவ்வொன்றையும் புதிதாக ஓட்டி, அதை மறைக்கச் சீலிங் அடித்து, சில வேளைகளில் மும்முனை மின் இணைப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகும் குழாய்கள் ஓடுவது ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில், வீட்டிலேயே வெப்பம் கூடிய இடத்தில். அமெரிக்காவில் வழக்கமான ஒரு வீட்டில், குழாய்வழியே போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை பொருத்துகளிலும் ஓட்டைகளிலும் வீணாகிறது என்று அந்நாட்டு அரசின் எரிசக்தி வழிகாட்டிகளே கூறுகின்றன. பழகிய கைகள் பூட்டும் நாட்டிலேயே அந்த நிலை.

மீள்குடியேற்றத்துக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அந்த அளவிலான வீட்டில் சென்ட்ரல் ஏசி பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

அடைபடாத அறையைக் குளிராக்க முயல்வது

நமது வீடுகள் காற்றோட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. சுவர் முடியும் இடத்துக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம் இருக்கும். ஓட்டுக்குக் கீழே சீலிங் இருக்காது. விசிறியும் வேப்பமர நிழலுமாக வாழ்வதற்கு இவை நல்ல ஏற்பாடுகள். ஏசிக்கு இவை அத்தனையும் பகை. குளிர்ந்த காற்று பாரமானது. கதவின் கீழ்ச் சந்தால் வழிந்து வெளியேற, அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து கூரைச்சூடு இறங்கும். இயந்திரம் ஓயாமல் ஓடும், அறை குளிராது. பிறகு "இந்த ஏசி சரியில்லை" என்று இன்னும் பெரியது வாங்குவார்கள்.

சீலிங் இல்லாத அறைக்கு எந்த ஏசியையும் வாங்காதீர்கள். முதலில் அறைக்குச் சீலிங் அடியுங்கள். துவாரங்களையும் கதவின் கீழ்ச் சந்தையும் மூடுங்கள். தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் சீற் கூரையானால் மேற்பரப்புக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சுப் பூசுவது பெரிய வித்தியாசத்தைத் தரும். வெளிநாட்டுப் பணத்தில் எழும் மாடிவீடுகளில் கொங்கிறீற் தட்டுத்தான் சிக்கல். பகல் முழுவதும் குடித்த வெயிலை அது நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அதன் கீழே ஓடும் ஏசி உங்களைக் குளிர்விக்க முன்னர் கொங்கிறீற்றைக் குளிர்விக்கப் பாடுபடுகிறது. தட்டுக்கு மேலே ஒரு கூரை போடுவதும் மேற்குச் சுவருக்கு மர நிழல் கிடைக்கச் செய்வதும் ஏசியின் அளவையே குறைத்துவிடும். இவற்றைச் செய்த சிலருக்கு ஏசி தேவைப்படாமலே போகலாம். அது நடந்தால் மகிழ்ச்சியே.

போர்ட்டபிளின் விலைச்சீட்டை மட்டும் பார்ப்பது

ஏசி எதுவானாலும் செய்வது ஒன்றுதான்: அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுவது. சுவரில் மாட்டும் ஸ்பிளிற் ஏசியில் சூடாகும் பாதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. போர்ட்டபிளில் முழு இயந்திரமும் நீங்கள் படுத்திருக்கும் அறைக்குள் நிற்கிறது. கொம்பிறசரின் சூடும் உள்ளே, சத்தமும் உள்ளே. சூட்டை வெளியேற்ற ஒரு தடித்த குழாய் யன்னலுக்குப் போகிறது. அந்தக் குழாயே நன்றாகச் சூடேறி அறைக்குள் வெப்பத்தைத் திரும்பக் கக்குகிறது.

இதைவிடப் பெரிய குறை வேறு. கடைகளில் சாதாரணமாக வருபவை ஒற்றைக் குழாய் வகை. அது வெளியே ஊதும் காற்று எங்கிருந்து வருகிறது? உங்கள் அறையிலிருந்து, சற்றுமுன் காசு கொடுத்துக் குளிராக்கிய காற்றிலிருந்து. அறையில் காற்று குறையக் குறைய, கதவுச் சந்து, யன்னல் இடுக்கு, சீலிங் பொருத்து எல்லாவற்றாலும் வெளியேயுள்ள வெக்கை உள்ளே இழுபடுகிறது. ஓட்டை வாளியால் கிணற்றுநீர் அள்ளுவது போன்ற வேலை. இரட்டைக் குழாய் வகை இந்தக் குறையைப் பெருமளவு தவிர்க்கிறது. ஒன்றால் வெளிக்காற்றை எடுத்து மற்றதால் வெளியே விடும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் பி.ரி.யு. எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மணிக்கு 12,000 பி.ரி.யு. என்றால் ஒரு தொன், அதாவது 3.5 கிலோவாற் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல். ஸ்பிளிற்றின் 12,000-மும் போர்ட்டபிளின் 12,000-மும் அறைக்குள் சமமல்ல. மேலே சொன்ன இழப்புகளைக் கழித்த இன்னொரு அளவீட்டை அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் போர்ட்டபிள்களுக்கென்றே வகுத்திருக்கிறது. 14,000 என்று விற்கப்படும் பல இயந்திரங்கள் அந்த அளவீட்டில் 10,000-க்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகின்றன.

கடைசியாக, யன்னல். போர்ட்டபிளோடு வரும் பலகைச் சட்டம் மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ வழுக்கித் திறக்கும் யன்னலுக்காகச் செய்யப்பட்டது. நமது யன்னல்கள் வெளிப்புறம் திறக்கும் இரட்டைக் கதவும் இரும்புக் கம்பியும் கொண்டவை. குழாய் கம்பிக்குள் நுழையாது. ஒரு கதவைத் திறந்து, குழாயை அருகே சாய்த்து, திரைச்சீலையால் மறைத்துவிட்டு ஏசியைப் போட்டால் வெளியே தள்ளிய சூடு அப்படியே திரும்பி வரும். யன்னல் அளவுக்கு ஒட்டுப்பலகை வெட்டி, வட்டத் துளையிட்டு, கம்பியிலும் இடம் எடுத்து, ஓரங்களை அடைத்துப் பொருத்த வேண்டும். தச்சருக்கான அந்தக் கூலியையும் விலையோடு சேருங்கள்.

போர்ட்டபிள் யாருக்குப் பொருந்தும்? முல்லைத்தீவுக்கோ மாந்தைக்கோ இடமாற்றம் கிடைத்து வாடகை அறையில் இருக்கும் ஆசிரியருக்கு, சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காதவருக்கு. அவர்களுக்கு அது நியாயமான தெரிவு. சொந்த வீட்டுக்காரருக்கு அல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. தண்ணீர் ஊற்றி ஓட்டும் எயார் கூலரையே போர்ட்டபிள் ஏசி என்று நினைத்து வாங்குகிறார்கள். அது ஈரத்தை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பது. யன்னல் திறந்திருந்தால்தான் வேலை செய்யும். சோளகம் வறண்டு வீசும் பிற்பகலில் உதவும், மின்சாரமும் விசிறியைவிடச் சற்றுத்தான் கூட. யன்னலை அடைத்த அறையில் இரவு ஓட்டினால் புழுக்கமே மிஞ்சும்.

சராசரி விலையால் பெருக்குவது

பணம் கரைவது இங்கேதான். "போன மாதம் இத்தனை யூனிற்றுக்கு இத்தனை ரூபாய், ஆகவே ஒரு யூனிற் இவ்வளவு" என்று பிரித்து, அந்த விலையால் ஏசியின் செலவைக் கணக்கிடுகிறார்கள். இலங்கையின் வழமையான வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டியதும் முதல் 60 யூனிற்றுக்கே வேறு, கூடிய விலை வந்துவிடும். பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் விலை ஏறும். 180-க்கு மேற்பட்டது எல்லாவற்றிலும் கூடியது. மாதாந்த நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்து ஏறும். ஏசி எரிக்கும் யூனிற்றுகள் பட்டியலின் உச்சியில் போய்ச் சேர்பவை. அவற்றுக்குச் சராசரி விலை கிடையாது.

விலை அடிக்கடி மாறுவதால் ரூபாயை விட்டு யூனிற்றில் கணக்குப் போடுங்கள். 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் என்று ஏறிய கட்டணம் பிறகு பல தடவை இறங்கியும் ஏறியும் விட்டது. படிகளின் அமைப்புத்தான் நினைவில் நிற்க வேண்டியது.

ஏசி இல்லாமல் மாதம் 85 யூனிற் பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவில் எட்டு மணித்தியாலம் குளிர் வேண்டும். சீலிங் அடித்த ஓர் அறையில் 9,000 பி.ரி.யு. இன்வேர்ட்டர் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும்) ஸ்பிளிற் சராசரியாக அரைக் கிலோவாற் இழுத்தால் மாதம் 120 யூனிற் கூடும், மொத்தம் 205. அதே அறையில் ஓயாமல் ஓடும் போர்ட்டபிள் ஒன்றேகால் கிலோவாற் இழுத்தால் 300 கூடும், மொத்தம் 385. வீட்டின் நான்கு அறைகளுக்குமான மூன்று தொன் சென்ட்ரல் இயந்திரம் மூன்றரைக் கிலோவாற் இழுத்து, பாதி நேரம் ஓய்ந்தாலும் 420 கூடும், மொத்தம் 505.

இப்போது 180-ஐத் தாண்டிய யூனிற்றை மட்டும் பாருங்கள். ஸ்பிளிற்றில் 25. போர்ட்டபிளில் 205. சென்ட்ரலில் 325. ஸ்பிளிற்றோடு ஒப்பிட்டால் போர்ட்டபிள் கூட்டிய மொத்த யூனிற் இரண்டரை மடங்குதான். ஆனால் உச்ச விலை யூனிற் எட்டு மடங்கு.

சென்ட்ரல் லாபம் என்ற பேச்சுக்கும் இந்தக் கணக்கில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. நான்கு அறைகளைக் குளிராக்கிவிட்டு அது ஒற்றை அறைப் போர்ட்டபிளைவிட ஒன்றரை மடங்குகூட எரிக்கவில்லை. சதுர அடிக்கு வகுத்தால் சென்ட்ரலே வெல்லும். ஆனால் இரவில் உங்கள் வீட்டில் எத்தனை அறையில் ஆட்கள் படுக்கிறார்கள்? ஒன்றில் அல்லது இரண்டில். பகலில் எல்லோரும் விறாந்தையிலோ மரத்தடியிலோ தோட்டத்திலோ இருப்பார்கள். ஆள் இல்லாத மண்டபத்தைக் குளிராக்குவது எந்த வகுத்தலிலும் லாபமாகாது.

இரவு மின்சாரம் மலிவு என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சாதாரண வீட்டு மீற்றருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை என்பது, நேரத்துக்கேற்ற கட்டண முறையைக் கேட்டுப் பெற்றவருக்கு மட்டும்.

சிறு தவறுகள் சில

ரிமோட்டில் 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடும், அவ்வளவுதான். 26-இல் வைத்து விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது இந்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

சோளக மாதங்களில் வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். புழுதி அடைத்த ஏசி மின்சாரத்தைக் கூடுதலாக எரிக்கும், குறைவாகக் குளிர்விக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரங்களில் உப்புக்காற்று வெளிப்பெட்டியை அரிக்கும். அதைக் கடற்பக்கச் சுவரில் பூட்ட வேண்டாம்.

மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் கிராமங்களில் மாலையில் மின்னழுத்தம் இறங்குவது கொம்பிறசருக்குக் கேடு. மின்னழுத்த மீற்றரால் அளந்து பார்த்து, தேவையென்றால் அழுத்தச் சீராக்கி வையுங்கள். எந்த ஏசியையும் நீட்டு வயரில் கொளுவாதீர்கள். வீட்டின் மின் விநியோகப் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த் மூன்றும் வேண்டும். உயிர்ப் பிரச்சினை இது.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால் சென்ட்ரலுக்காகக் குழாய் ஓட்ட வேண்டியதில்லை. படுக்கையறை ஒவ்வொன்றிலும் வெளிச்சுவர்ப் பக்கமாகச் பின்னர் ஸ்பிளிற்றின் குழாய்கள் வெளியே போகச் சிறு சரிவோடு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை வைத்துப் பூசி, அருகே தனி வயருக்கு வழியும் விடுங்கள். வெளிப்பெட்டிக்கு நிழல் விழும் சுவரையே தெரிந்தெடுங்கள். முதல் ஆண்டில் ஒரு படுக்கையறையில் மட்டும் இன்வேர்ட்டர் ஸ்பிளிற்றைப் பூட்டி, பங்குனி முதல் புரட்டாதி வரை வரும் மின்பட்டியல்களை எடுத்து வையுங்கள். இரண்டாவது அறைக்கு ஏசி வேண்டுமா என்று அவற்றைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.