சத்துணவு மையத்தில் செலவைக் குறைக்கிறேன் என்று செய்யும் தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சத்துணவு மையங்களில் மாதக் கடைசியானால் ஒரே பேச்சுதான்: காசு பற்றவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக் கிட்டங்கியிலிருந்து வந்துவிடும். முட்டை தனியாக வரும். காய்கறி, மசாலாச் சாமான், அடுப்புச் செலவு இதற்கெல்லாம் மையத்தை நடத்தும் அமைப்பாளர் கையில் கிடைப்பது ஒரு பிள்ளைக்குச் சில ரூபாய்தான். ஒன்றிய அரசின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல், அரிசி நீங்கலாக ஒரு வேளைச் சாப்பாட்டின் பொருட்செலவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 6 ரூபாய் 78 காசு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. பருப்பு, காய்கறி, எண்ணெய், தாளிதம், எரிபொருள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இவ்வளவு இறுக்கமான கணக்கில் செலவைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நம்மில் பலர் முதலில் கை வைக்கும் இடம் பிள்ளையின் தட்டாக இருக்கிறது. கசிவு இருப்பதோ பெரும்பாலும் வேறு இடங்களில்.

சாம்பாரைத் தண்ணியாக்குவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். ஒன்றிய அரசின் அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். 450 கலோரி, 12 கிராம் புரதம் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த அளவு இது. எண்பது பிள்ளைகள் என்றால் பருப்பு 1 கிலோ 600 கிராம். அதை ஒரு கிலோவாக்கி, மஞ்சளும் புளியும் கூட்டி, தண்ணீரை ஏற்றிவிட்டால் அண்டா என்னவோ நிறைந்துதான் இருக்கும்.

இதில் மிச்சமானது என்ன? பருப்பு கிட்டங்கியிலிருந்து வருகிற சரக்கு. அதைக் குறைத்துப் போட்டால் உங்கள் காய்கறிக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. மிஞ்சிய பருப்பு சாக்கிலேயே கிடந்து வண்டு பிடிக்கும். பிள்ளைகளோ தண்ணிச் சாம்பாரைப் பிசைந்துவிட்டுப் பாதியை அப்படியே கொட்டுவார்கள். பருப்பை மிச்சம் பிடிக்கப் போய், வெந்த சோறும் வெட்டிய காயும் எரித்த எரிவாயுவும் சேர்ந்து வாளிக்குப் போகின்றன. பீடி சுற்றும் வீடுகளும் வயல் கூலிக்குப் போகும் வீடுகளும் நிறைந்த ஊர்களில் அந்த மத்தியானச் சாப்பாட்டை நம்பித்தான் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. 20 கிராம் துவரம்பருப்பில் நாலு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. வளரும் உடம்புக்கு அது சின்னக் கணக்கில்லை.

முட்டையும் அப்படித்தான். தலைக்கு ஒன்று என்றால் ஒன்று. உடைந்துபோனதை ஈடுகட்ட மற்றவற்றைப் பாதியாக வெட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. உடையாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் முட்டையைப் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு நிதானமாகச் சூடேற்றினால் ஓடு வெடிப்பது வெகுவாகக் குறையும். முட்டை வரும் அன்றைக்கே தட்டுத் தட்டாக எண்ணி, விரிசல் விட்டதைக் கொண்டுவந்தவர் முன்னாலேயே பிரித்து வைத்து மாற்றிக் கேளுங்கள். சந்தேகப்பட்டதைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் சமையலுக்கு ஆகாது.

பதிவேட்டைப் பார்த்து உலை வைப்பது

பதிவேட்டில் எண்பது பேர் இருப்பார்கள். வந்திருப்பது அறுபத்தெட்டு. ஆனால் சமைப்பது எண்பதுக்கு, “குறைந்துவிட்டால் என்ன செய்ய?” என்ற பயத்தில். பயம் நியாயமானது. ஒரு பிள்ளைகூடப் பட்டினியாகத் திரும்பக் கூடாது. ஆனால் பன்னிரண்டு பேர் சாப்பாடு கூடுதலாக வைத்தால் என்ன ஆகிறது என்று ஒரு தரம் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1 கிலோ 200 கிராம் அரிசி, 240 கிராம் பருப்பு, 600 கிராம் காய். மாதத்தில் இருபது பள்ளி நாள் என்றால் 24 கிலோ அரிசி, ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பருப்பு, 12 கிலோ காய். அந்தக் காய் முழுக்கக் கைக்காசு.

தீர்வு ரொம்பச் சுலபம். காலையில் மணியடித்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு, உலை வைப்பதற்கு முன், வகுப்பு வகுப்பாகத் துண்டுச் சீட்டு வாங்குங்கள். “எத்தனை பேர் வந்திருக்காங்க” என்று கேட்கக் கூடாது. “இன்னைக்குச் சத்துணவு சாப்பிடுறது எத்தனை பேர்” என்று கேளுங்கள். வீட்டிலிருந்து சோறு கொண்டுவருகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வந்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்து வைத்தால் போதும்.

நம்ம ஊருக்கென்று ஒரு நாட்காட்டியும் இருக்கிறது, அதைச் சுவரில் தொங்கவிட்டுக்கொள்வது நல்லது. கோயில் கொடை நடக்கிற ஊரில் அன்றைக்கும் மறுநாளும் பாதி வகுப்பு காலியாகத்தான் இருக்கும். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போய்த் தங்கிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலை மழை பிடித்தால் பக்கத்துக் குக்கிராமத்துப் பிள்ளைகள் வர மாட்டார்கள். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயம். முந்தின நாளே காய் வாங்கிக் குவித்துவிட்டு, அன்றைக்கு ஆள் இல்லை என்று கையைப் பிசைவதில் பயன் இல்லை.

வாளியைப் பார்க்காமல் விடுவது

சாப்பாடு முடிந்ததும் எச்சில் வாளியை எட்டிப் பாருங்கள். எந்தத் தணிக்கைக் குறிப்பையும்விட அது அதிகம் சொல்லும். விரல் நீளத்துக்கு நறுக்கிய சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) அப்படியே கிடக்கிறதா? பொடியாக நறுக்கிப் பருப்போடு வேகவிட்டிருந்தால் உள்ளே போயிருக்கும். தோலோடு பெரிது பெரிதாகக் கத்தரிக்காயா? அடுத்த தடவை தடியங்காயோ (வெண்பூசணி) மஞ்சள் பூசணியோ போட்டுப் பாருங்கள். வெறும் சோறாகக் கிடந்தால் குழம்பு பற்றவில்லை அல்லது உறைப்பு அதிகம் என்று பொருள். கறிவேப்பிலை சாதத்தன்றைக்கு அதிகமாக மிஞ்சுகிறதா, எலுமிச்சை சாதத்தன்றைக்கா என்று ஒரு மாதம் குறித்து வைத்தால், எந்த நாளைக்கு எவ்வளவு அரிசி போடலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பரிமாறுகிற கையிலும் விஷயம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே கரண்டி, ஒரே குவியல் வைத்தால் சின்னது கொட்டும், பெரியவனுக்குப் பசி அடங்காது. முதலில் கொஞ்சமாக வைத்து, “வேணும்னா வா, மறுபடியும் தாரேன்” என்று சொல்லி, கேட்டு வருகிறவனுக்கு முகம் சுளிக்காமல் போட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். மறுசோறு கேட்டால் அதட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை முதலிலேயே நிறைய வாங்கிவிட்டு மிச்சம் வைக்கும். அரிசி வெந்தால் எடை இரண்டரை, மூன்று மடங்கு ஆகும். 100 கிராம் அரிசிக்கு எத்தனை கரண்டிச் சோறு வருகிறது என்று ஒரு நாள் தராசில் வைத்துப் பார்த்துவிட்டால், கரண்டியே அளவாகிவிடும்.

எடை போடாமல் இறக்கி வைப்பது

சரக்கு வரும்போது பள்ளியில் ஆயிரம் வேலை இருக்கும். “அங்கன இறக்கி வச்சிட்டுப் போங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஐம்பது கிலோச் சணல் சாக்கு என்றால், சாக்கின் எடையே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். சாக்கோடு சேர்த்து ஐம்பது என்று எழுதிக்கொண்டால் பத்துச் சாக்கில் ஐந்து கிலோ போச்சு. அது ஐம்பது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் ஒரு நாள் அரிசி. ஓட்டைச் சாக்கு, தைத்த சாக்கு இருந்தால் இன்னும் போகும். எடை போட்டு, குறைந்தால் குறைந்த எடையையே எழுதி வாங்குங்கள். கொண்டுவருகிறவர் கொஞ்சம் முனகுவார், அவ்வளவுதான். தவறாமல் எடை போடுகிற மையம் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்தடுத்த தடவை சரக்கு சரியாக வரும்.

இறக்கிய சாக்கைத் தரையிலும் சுவரிலும் ஒட்டி அடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் தரை ஈரம் ஏறும். அடிச்சாக்கு பூசணம் பிடித்த பிறகு கண்டுபிடித்துப் பயன் இல்லை. பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பழைய சரக்கை முன்னால் இழுத்து வைத்து அதை முதலில் காலி செய்ய வேண்டும். பருப்பு டப்பாவில் காய்ந்த வேப்பிலை போடலாம். பூச்சி மருந்துப் பொடி எதையும் சமையல் பொருள் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

அப்புறம் இந்தச் செறிவூட்டிய அரிசி. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அரிசிமணிகளைக் கலந்த அரிசி அது. கழுவும்போது சில மணிகள் மிதப்பதைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் அரிசி என்று அரித்துக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மணிகள் அரிசி மாவில் செய்தவைதான். ரத்தசோகைக்கு எதிராகச் சேர்த்த சத்தை நாமே சாக்கடைக்கு அனுப்ப வேண்டாம். ரொம்பக் கசக்கிக் கழுவாமல், நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டாமல், அளவுத் தண்ணீரில் பொங்கினால் சத்தும் நிற்கும், எரிவாயுவும் மிஞ்சும்.

அண்ணாச்சி கடைப் பற்று

பணம் தாமதமாக வருகிறது. அதனால் பக்கத்துக் கடையில் பற்று எழுதி வாங்குகிறோம். இதில் அமைப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன், பலர் சொந்தக் காசைப் போட்டுத்தான் அடுப்பை எரியவிடுகிறார்கள். ஆனால் பற்று நோட்டில் தொகையை மட்டும் எழுதிக்கொண்டு வருவது தவறு. பொருள், எடை, கிலோ விலை மூன்றையும் அன்றன்றைக்கு எழுதுங்கள். “அண்ணாச்சி, நேத்து பல்லாரி கிலோ என்ன விலை போட்டீங்க?” என்று பெரிய வெங்காயத்தின் விலையைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். அந்த வழியாக வருகிறவர் யாரையாவது அதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு விலை இருக்கும். பக்கத்துப் பக்கத்து மையங்கள் நாலைந்து சேர்ந்து பல்லாரி, உருளைக்கிழங்கு, பூசணி போல நாள்பட நிற்கும் காய்களை நயினார்குளம் மொத்த மார்க்கெட்டிலோ பாவூர்சத்திரத்திலோ எடுத்துப் பங்கு வைத்துக்கொண்டால் வண்டிக் கூலி போகவும் மிஞ்சும். தக்காளி, கீரையை அப்படிக் குவிக்கக் கூடாது. மூன்றாம் நாள் பாதி அழுகிவிடும்.

தக்காளி விலை ஏறுகிறபோதுதான் பலருக்குக் கை ஓடுவதில்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் தக்காளி சாதத்தைப் பேருக்குச் செய்து, காயையும் சேர்த்துக் குறைப்பதைவிட, அதிகாரியிடம் முறையாகச் சொல்லி, பட்டியலில் புளியோதரைக்கு உள்ள நாளை முன்னுக்குக் கொண்டுவரலாம். சாம்பாருக்குப் புளியே போதும். காய்க்குத் தடியங்காய், பூசணி, சுரைக்காய், முருங்கைக்கீரை என்று அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை எடுங்கள். பள்ளி வளாகத்தில் இரண்டு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் நட்டுவிட்டால் வருஷம் முழுக்கத் தாளிதத்துக்கும் கீரைக்கும் கவலை இல்லை. தண்ணீர் ஊற்றப் பிள்ளைகளே போட்டி போடுவார்கள்.

எண்ணெயைப் பாக்கெட்டோடு சாய்க்காமல் ஒரு அளவுக் குவளையில் ஊற்றுங்கள். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அண்டாவை மூடி வேகவிடுங்கள். எரிபொருள் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கணக்கில் அழகு பார்ப்பது

1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தபோது அந்த ஊர் நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே முளைத்ததுதான் 1982-ல் சத்துணவாக விரிந்தது. இவ்வளவு காலமாக நிற்கிற திட்டத்துக்குள் பொய் எண்ணிக்கை புகுந்தால் அதைவிட வருத்தம் வேறில்லை. அறுபத்தெட்டுப் பேர் சாப்பிட்ட நாளில் எண்பது என்று எழுதினால், பன்னிரண்டு பேரின் பொருள் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது, அது பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பொருள். கெட்ட எண்ணமே இல்லாமல், “முழு எண்ணிக்கை இருந்தால்தான் ஒதுக்கீடு குறையாது” என்று எழுதுகிறவர்களும் உண்டு. அப்படி எழுதுவதால் விரயம் மறைந்துபோகிறது. எந்த நாளில் எவ்வளவு கூடுதலாக வைத்தோம் என்று நமக்கே தெரியாமல் போகிறது. நிஜமாகவே காசு பற்றாத மாதத்தில் அதிகாரியிடம் காட்ட ஒரு நம்பகமான தாள் இருக்காது. சாப்பிட்ட எண்ணிக்கை, போட்ட அரிசி, மிஞ்சிய சோறு, காய் வாங்கிய விலை என்று தேதிவாரியாக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் வைத்தே “இந்தத் தொகை பற்றாது” என்று கேட்கலாம்.

மிஞ்சிய சோற்றை மறுநாள் கலந்து சூடாக்குவதை மட்டும் எந்தக் கணக்குக்காகவும் செய்யாதீர்கள். நம்ம வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள்ளேயே அது கெடத் தொடங்கிவிடும். மாதக் கடைசியில் இருப்பு எழுதும்போது, போன மாத எண்ணிலிருந்து செலவைக் கழித்துப் போடாமல், சாக்கைத் தராசில் தூக்கி வைத்துப் பார்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதி, தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.