பழைய லாரி இன்ஜினுக்கு எந்த ஃபேன்? வாங்கும் முன் படிப்படியாகப் பார்த்துவிடலாம்

பழைய வண்டியைக் கையில் எடுத்தவர் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. பானெட்டைத் திறந்தால் முன்னால் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிதாக ஒன்று போட்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆறு இறக்கை வைத்த புது ஃபேன் வாங்கி மாட்டினேன். முள் முன்பு எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. அப்புறம்தான் தெரிந்தது: வண்டியை எனக்கு விற்றவர், பெல்ட் மாற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றி இருந்த கூண்டைக் கழற்றி, தார்ப்பாய்க்கு அடியில் போட்டு வைத்திருந்தார். அதைத் தட்டித் துடைத்து மாட்டிய அன்று முள் இறங்கியது. பழைய ஃபேனே போதுமாக இருந்திருக்கும்.

அதனால் இந்தச் செய்முறையில் ஃபேன் வாங்கும் வேலை கடைசியில்தான் வரும்.

1. எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாரம் வண்டியை ஓட்டி, முள் எப்போது ஏறுகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

நெரிசலில் நிற்கும்போது, ஐட்லிங்கில், லோடு ஏற்றி மேட்டில் மெதுவாக ஏறும்போது சூடாகி, வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. ஃபேன், ஃபேன் கிளட்ச் (தேவைக்கேற்ப ஃபேனைப் பிடித்தும் தளர்த்தியும் சுற்றவைக்கும் வட்டு), கூண்டு மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

சமவெளியில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சூடாகிறதா? அப்போது ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் வண்டியின் ஓட்டத்தில் முட்டி உள்ளே வரும் காற்றே பெரும்பாலும் போதும். ஃபேனுக்கு அங்கே வேலை குறைவு. ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (தண்ணீரின் சூட்டைப் பார்த்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் யாரும் ஃபேன் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

2. ஃபேன் அல்லாத சங்கதிகளை முடித்துவிடுங்கள்

இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வையுங்கள். 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து, வெறும் தண்ணீரின் கொதிநிலையையே சுமார் 120 டிகிரி வரை கொண்டுபோகும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் போய், அத்தனை தண்ணீரும் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டிக்கு எத்தனை பார் சொல்லியிருக்கிறதோ அதே அளவுதான். கூட்டிப் போட்டால் பழைய ரேடியேட்டரின் தையல்கள் விட்டுவிடும்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்க வேண்டும். அதற்குமேல் தொங்கினால் வழுக்கும். வாட்டர் பம்ப், ஃபேன் இரண்டுமே சோம்பும்.

கீழ் ஹோஸைக் கவனிக்க மறக்காதீர்கள். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது அதன் வழியாகத்தான். ஹோஸ் தளர்ந்து போயிருந்தால் இன்ஜினை முறுக்கும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நிறுத்திவைத்த வண்டியில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும்.

ஏசி இருக்கும் வண்டியில் கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசியின் தகட்டுப் பெட்டி) ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கக் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். பின்னால் பூச்சி, சருகு, எண்ணெயோடு ஒட்டிய தூசி எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படர்ந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, உள்ள வழியும் அடைத்துவிடும்.

3. கூண்டைப் பாருங்கள்

ரேடியேட்டரின் பின்பக்கத்தை மூடிக்கொண்டு, ஃபேன் சுற்றும் இடத்தில் மட்டும் வட்டமாகத் திறந்திருக்கும் தகரம் அல்லது பிளாஸ்டிக் பெட்டிதான் ஷ்ரவுட். நான் கூண்டு என்றே சொல்கிறேன். இதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் நிறைய.

காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து வருவதைவிட, இறக்கையின் ஓரத்தைச் சுற்றித் திரும்ப முன்னால் போவது அதற்குச் சுலபம். கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் இன்ஜின் அறைக்குள் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கடையும். ரேடியேட்டர் சதுரம், ஃபேன் வட்டம். நான்கு மூலைகளும் காற்றில்லாமல் கிடக்கும். கூண்டு இருந்தால் அந்த மூலைகள் வழியாகவும் காற்று இழுபடும்.

பார்க்க வேண்டியவை மூன்று. கூண்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இறக்கையின் அகலத்தில் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே போனாலும் முழுக்க வெளியே நின்றாலும் காற்று குறையும். மூன்றாவது, இறக்கை நுனிக்கும் கூண்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி. 15 முதல் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நெருக்கினால் காற்று கூடும்தான். ஆனால் கூண்டு ரேடியேட்டரோடு நிற்கிறது, ஃபேன் இன்ஜினோடு ஆடுகிறது. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் செத்துப்போன வண்டியில் கிளட்ச் பெடலை விட்டுக் கிளம்பும்போது ஃபேன் கூண்டைத் தொட்டு "டர்ர்ர்" என்று சத்தம் போடும். அப்போது கூண்டை அறுக்காதீர்கள், மவுண்டை மாற்றுங்கள்.

4. இப்போது இருப்பது எந்த வகை?

நேரடி ஃபேன்: வாட்டர் பம்ப் முகத்தில் போல்ட் போட்டு இறுக்கியது. பம்ப் எவ்வளவு சுற்றுகிறதோ ஃபேனும் அவ்வளவே சுற்றும். கெட்டுப்போக எதுவும் இல்லை. குறை எங்கே என்றால், ஃபேனின் வேகம் இரட்டித்தால் காற்று இரண்டு மடங்குதான் கூடும். அதற்கு அது இன்ஜினிடம் பிடுங்கும் சக்தியோ எட்டு மடங்கு. மெதுவாகச் சுற்றும் பழைய டீசல் இன்ஜினில் இது பெரிய தொல்லை இல்லை. நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் போகும் பெட்ரோல் இன்ஜினில் இரைச்சலும் எரிபொருள் விரயமும் நன்றாகவே தெரியும்.

வளையும் இறக்கை ஃபேன்: மெல்லிய இறக்கைகள் வேகம் கூடக்கூடத் தட்டையாகி, இழுவையைக் குறைத்துக்கொள்ளும். யோசனை நல்லதுதான். ஆனால் வளைந்து வளைந்து ரிவெட் அடித்த இடத்தில் உலோகம் களைத்து விரிசல் விடும். ஒரு இறக்கை பிய்ந்தால் ரேடியேட்டரையோ பானெட்டையோ கிழித்துக்கொண்டு வரும். நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. ஏற்கெனவே இருந்தால், இன்ஜின் ஓடும்போது அதன் நேர்ப்பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

கிளட்ச் ஃபேன்: இதை விஸ்கஸ் ஃபேன் என்றும் சொல்வார்கள். ஃபேனுக்கும் பம்புக்கும் நடுவே சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய ஒரு தடித்த அலுமினிய வட்டு இருக்கும். அதன் முகத்தில் கடிகாரச் சுருள் போல ஒரு கம்பி தெரிந்தால் அது சூடு உணரும் வகை. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் சுருள் திரும்பி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் பரவி ஃபேனைப் பிடித்துச் சுற்றும். காற்று ஆறியதும் பிடி தளரும். ஃபேன் பம்ப் வேகத்தில் கால்பங்கு அளவில் சும்மா சுற்றும். சுருள் இல்லாத வகையும் உண்டு. அது சூட்டைப் பார்ப்பதில்லை, வேகம் கூடினால் வழுக்கும், அவ்வளவுதான்.

மின் ஃபேன்: தனி மோட்டார். இன்ஜின் எந்த வேகத்தில் இருந்தாலும் ஒரே காற்று.

5. கிளட்ச் உயிரோடு இருக்கிறதா?

இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறிய ஃபேனைக் கையால் சுழற்றிவிடுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல ஒரு தடை தெரிய வேண்டும். பம்பரம் போல நாலைந்து சுற்று தானாகப் போனால் எண்ணெய் போய்விட்டது. வட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கருப்பாக எண்ணெய்க் கோடுகள் ஓடியிருந்தால் அதுவும் அதே சேதிதான். இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அது கிளட்ச் பேரிங்கா, பம்ப் பேரிங்கா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஆட்டம் ஒரே மாதிரி தெரியும்.

6. இனித் தேர்வு

லோடு ஏற்றுகிற, மேடு ஏறுகிற வண்டி என்றால் சூடு உணரும் கிளட்ச் ஃபேனும் முழுக் கூண்டும்தான் என் பதில். பெரிய இறக்கை, தேவைப்படும்போது மட்டும் முழு இழுவை, மின்சாரத்தை நம்ப வேண்டியதில்லை. மெதுவாக ஓடும் டீசலில் கம்பெனி போட்ட நேரடி ஃபேன் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். லோடு அதிகம் ஏறாத, ஊருக்குள் ஓடும், அல்லது பம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கிளட்ச் நுழைய இடமே இல்லாத வண்டிக்கு மின் ஃபேன் சரி.

கிளட்ச் வாங்கும் முன் நான்கு அளவு எடுங்கள்: பம்ப் முகத்திலிருந்து ரேடியேட்டர் வரை உள்ள தூரம், போல்ட் துளைகளின் இடைவெளி, பம்ப் முகத்தின் நடுவில் துருத்தி நிற்கும் குமிழின் விட்டம், கூண்டு வட்டத்தின் விட்டம். மாட்டிய பிறகு ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 25 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும்.

சுற்றும் திசையையும் பாருங்கள். பழைய வி-பெல்ட் வண்டிகளில் பம்ப் இன்ஜின் சுற்றும் திசையிலேயே சுற்றும். பட்டையான ஒற்றைப் பெல்ட், தன் வழுவழுப்பான முதுகால் பம்பை உருட்டினால் திசை எதிர். அதற்கு எதிர்த் திசை ஃபேனும் கிளட்சும் வேண்டும். தவறான ஃபேனைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இறக்கையின் சாய்வு திருப்பினாலும் அதே சாய்வுதான். காற்று போகும் பக்கம் மாறாது, வளைவு மட்டும் தலைகீழாகி இருக்கிற காற்றும் குறையும்.

புதுக் கிளட்சைப் படுக்க வைக்காதீர்கள். வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே நிற்க வைத்து எடுத்து வாருங்கள். படுத்தே கிடந்தால் எண்ணெய் கசியலாம்.

7. மின் ஃபேன் என்றால் முதலில் கணக்கு

பெரிய 12 வோல்ட் ஃபேன் ஒன்று 30 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். ஹெட்லைட் இரண்டும் 9, வைப்பர் 4 என்று சேர்த்தால் 43. பழைய ஆல்டர்னேட்டர் பல 35 முதல் 60 ஆம்பியர் வகை. அதுவும் இன்ஜின் முறுக்கி ஓடும்போதுதான். ஐட்லிங்கில் பாதி வந்தாலே அதிகம். ஃபேன் அதிகம் தேவைப்படுவதும் அதே ஐட்லிங்கில்தான்! பேட்டரி மெதுவாகக் காலியாகும். ஆக மின் ஃபேனோடு பெரிய ஆல்டர்னேட்டரும் வாங்க நேரலாம். 24 வோல்ட் லாரியில் அதே வேலைக்குப் பாதி ஆம்பியர் போதும், ஆனால் மோட்டார், ரிலே (சின்ன கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) எல்லாம் 24 வோல்ட்டுக்கானதாக இருக்க வேண்டும்.

ஒயரிங்கில் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக நேரடியாகக் கரன்ட் கொண்டுபோகாதீர்கள், ஸ்விட்ச் உருகும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து அருகிலேயே 40 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ரிலேயின் 30 என்ற காலுக்கு. 87 என்ற காலிலிருந்து ஃபேனுக்கு. 86-க்குச் சாவி போட்டால் வரும் கரன்ட். 85-லிருந்து டெம்பரேச்சர் ஸ்விட்ச் வழியாக எர்த். ஃபேனின் எர்த் ஒயரும் அதே தடிமன். பெயின்ட் சுரண்டிய வெற்றுலோகத்தில் இறுக்குங்கள்.

ஸ்விட்ச் எந்தச் சூட்டில் அணைகிறது என்பது முக்கியம். தெர்மோஸ்டாட் 82 டிகிரி என்றால், இன்ஜின் பக்கம் பொருத்தும் ஸ்விட்ச் 93, 95-ல் போட்டு 87-ல் அணைக்கலாம். 80-ல் அணையும் ஸ்விட்சைப் போட்டால் தெர்மோஸ்டாட் அந்த அளவுக்கு இறங்கவே விடாது, ஃபேன் நாள் முழுக்க ஓடும்.

ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், கூண்டோடு வையுங்கள். முன்னால் வைத்துத் தள்ளும் வகை, வண்டி ஓடும்போது வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்கும். தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டேக் நுழைத்துக் கட்டுவது வேண்டவே வேண்டாம். அதிர்வில் குழாய் தேய்ந்து ஒழுகும். சட்டம் அடித்துப் பொருத்துங்கள்.

பழைய ஃபேனைக் கழற்றும்போது ஒரு சின்ன சிக்கல். புல்லியைப் பிடித்திருப்பதும் அதே நான்கு போல்ட்டுகள்தான். ஃபேன் போன பிறகு பழைய நீள போல்ட்டையே போட்டால் துளையின் அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தெரியும், புல்லி ஆடும். குட்டை போல்ட் போடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள், வாட்டர் பம்ப் ஓட அது வேண்டும்.

8. மாட்டிய பிறகு

ஸ்டார்ட் செய்யும் முன் ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு இறக்கை நுனியும் கூண்டைத் தொடாமல் போகிறதா என்று பாருங்கள். மின் ஃபேன் என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சூடான இன்ஜினில் அது எந்த நொடியும் தானாகக் கிளம்பும்.

பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஃபேன் பிடித்ததும், முன் கிரில்லில் ஒரு தாளை வையுங்கள். தாள் கிரில்லோடு ஒட்டி நிற்க வேண்டும். பறந்து உங்கள் மேல் விழுந்தால் மின் ஃபேனின் ஒயர் மாறியிருக்கிறது. இருபது நிமிடம் ஐட்லிங்கில் விட்டு முள்ளைக் கவனியுங்கள். அப்புறம் லோடோடு ஒரு மேடு. முதல் பயணம் முடிந்து ஆறியதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

புதுக் கிளட்ச் போட்டவர்கள் மறுநாள் காலையில் பயந்துபோவார்கள். ஸ்டார்ட் செய்ததும் லாரி புயல் மாதிரி இரையும். இரவில் எண்ணெய் உள்ளே இறங்கித் தேங்கியிருக்கும், அதனால் முதல் ஓரிரு நிமிடம் ஃபேன் பிடித்தபடியே சுற்றும். கொஞ்சம் பொறுங்கள், அடங்கிவிடும்.