இமயமலைச் சிற்றூர் ஒன்றின் நிலத்தையும் மக்களையும் பதிவு செய்யும் முறை

உத்தராகண்டின் கர்வால், குமாவோன் மலைகளில் ஒரு சிற்றூரைப் பற்றி எழுத முற்படுபவர் முதலில் அதன் எல்லையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தையே அலகாகக் கொள்கிறது. மலையிலோ ஒரே வருவாய்க் கிராமம் ‘தோக்’ எனப்படும் பல குடியிருப்புகளாகச் சிதறிக் கிடப்பதுண்டு. ஆகவே கிராமக் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் அடங்கும் தோக்குகளின் பெயர்களை ஊராரிடமே கேட்டு எழுதுவது நல்லது.

உயரத்தை ஒரே எண்ணாகத் தருவது போதாது. ஆற்றோர வயலுக்கும் மேலேயுள்ள காட்டுக்கும் இடையே சில நூறு மீட்டர் வேறுபாடு இருக்கக்கூடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், அந்த வேறுபாடே பயிரையும் அறுவடைக் காலத்தையும் மாற்றிவிடும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகளைப் பார்த்து, கீழ்க்கோடி வயல், வீடுகள், காட்டின் விளிம்பு ஆகிய மூன்றின் உயரங்களையும் தனித்தனியே குறிக்கவும். சரிவு எத்திசையை நோக்குகிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. தெற்கு நோக்கிய சரிவு குளிர்காலத்தில் கூடுதல் வெயில் பெறும்.

நிலத்தைப் பாசனமுள்ள ‘தலாவ்ன்’, மழையை நம்பிய ‘உப்ராவ்ன்’ எனப் பிரித்து எழுதுங்கள். பரப்பை ஊரார் நாலி கணக்கில் சொல்வார்கள். 50 நாலி ஏறத்தாழ ஒரு ஹெக்டேர்.

மக்கள்தொகைக்குக் கணக்கெடுப்பின் கிராம அட்டவணையே தொடக்கப் புள்ளி. எழுத்தறிவு விகிதம் காணும்போது ஆறு வயது வரையிலான குழந்தைகளை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டே வகுக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். பாலின விகிதத்தை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஓர் ஊரில் 80 ஆண்களும் 100 பெண்களும் இருந்தால் விகிதம், அதாவது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கு, 1,250 ஆகிறது. இதைப் பெண்களின் நிலை உயர்ந்ததற்கான சான்றாக உடனே கொள்வது பிழை, ஏனெனில் வேலை தேடி ஆண்கள் சமவெளிக்குச் சென்ற ஊர்களில் இந்த எண் இயல்பாகவே உயரும். 2001க்கும் 2011க்கும் இடையே மக்கள்தொகை குறைந்த அல்மோரா, பவுரி கர்வால் ஆகிய இரு மாவட்டங்களிலும் 2011இல் பாலின விகிதம் 1,100ஐத் தாண்டியிருந்தது. குழந்தைகளின் பாலின விகிதத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை நிலை புரியும்.

எண்ணிக்கை எந்த நாளுக்கு உரியது என்பதும் முக்கியம். 2011 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் மார்ச் 1. ஆனால் பனி சூழ்ந்த பகுதிகளுக்கு அது 2010 அக்டோபர் 1 ஆக இருந்தது. பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மாணா போன்ற ஊர்களில் மக்கள் குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடுவதால், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனி எண்ணிக்கை தருவதே நேர்மையான பதிவாகும்.

இறுதியாக, வீடுவீடாக நடந்து சரிபார்க்க வேண்டும். பூட்டிய கதவைக் கண்டவுடன் கைவிடப்பட்ட வீடு என்று எழுதிவிடாதீர்கள். முற்றத்தில் புல் மண்டி, கற்பலகைக் கூரை சரிந்திருந்தால் அது ஒருவகை; பூட்டில் துருவில்லாமல், வயலை உறவினர் உழுது வந்தால் அது வேறுவகை. அக்குடும்பம் திருவிழாவுக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ ஆண்டுதோறும் வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டு, நிரந்தரமாக வசிப்போர், பருவத்துக்கு வந்து போவோர், முற்றிலும் வெளியேறியோர் என மூன்று பத்திகளில், விசாரித்த தேதியுடன் நிரப்புங்கள்.