நிதித் தவணை தாமதமானாலும் சம்பளம் நிற்காமல் இருக்க: சிறு அறக்கட்டளைகளுக்கான பணவரத்துத் திட்டம்

ஆண்டு பட்ஜெட்டில் வரவும் செலவும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனாலும் நவம்பர் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. மாதவாரியாகக் கணக்குப் போடாததுதான் காரணம்.

படி 1: மாதவாரித் தாள்

எக்செல்லில் ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, மாத முடிவு இருப்பு வர வேண்டும். மாலை நேரக் கல்வி மையங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். மாதச் செலவு: ஆசிரியர் 6 பேருக்குத் தலா 12,000, ஒருங்கிணைப்பாளருக்கு 22,000, வாடகை 14,000, சிற்றுண்டி 18,000, மற்றவை 9,000. மொத்தம் 1,35,000, ஆண்டுக்கு 16,20,000.

வரவு: 12 லட்சம் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்புக்காகத் தருவது (ஜூனில் 4,80,000, டிசம்பரில் 4,80,000, மார்ச்சில் 2,40,000), மாதம் 500 ரூபாய் தரும் 60 பேரிடமிருந்து மாதாமாதம் 30,000, அக்டோபரில் தீபாவளி நன்கொடை 60,000. கூட்டினால் அதே 16,20,000.

ஏப்ரலில் கையிருப்பு 1,50,000 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். மே முடிவில் 60,000 பற்றாக்குறை. நவம்பர் முடிவில் 1,50,000 பற்றாக்குறை. டிசம்பர் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனால், ஜனவரி முடிவில் பள்ளம் 3,60,000. இந்த மூன்று எண்களும் ஏப்ரலிலேயே அறங்காவலர்கள் கைக்குப் போய்விட வேண்டும்.

படி 2: உறுதியான வரவை மட்டும் எழுதுதல்

ஒப்பந்தம் கையெழுத்தான தொகையை முழுதாக எழுதுங்கள். பழைய நன்கொடையாளர் வாய்வார்த்தையாகச் சொன்னதில் பாதி. விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால் பூஜ்யம். "எப்படியும் வந்துவிடும்" என்று நம்பி ஆள் எடுப்பதில்தான் பல நிறுவனங்கள் சிக்குகின்றன.

படி 3: எந்தப் பணம் எதற்கு

ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் அதன் நிபந்தனையை எழுதுங்கள். ஒரு திட்டத்தின் பணத்தை எடுத்து இன்னொன்றின் சம்பளம் கொடுத்தால் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்ற சான்று) சிக்கலாகும், அடுத்த தவணை அதனாலேயே நிற்கும். வெளிநாட்டு நன்கொடையில் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளூர்ப் பணத்தோடு அதைக் கலக்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பின் அதில் நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடுதான். முன்பு 50 இருந்தது. இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றித் தரவும் முடியாது.

படி 4: ஒப்பந்தத்திலேயே பேசுதல்

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: முதல் தவணை பெரிதாக இருக்கட்டும்; அறிக்கை கொடுத்து எத்தனை நாளில் அடுத்த தவணை என்பது எழுத்தில் இருக்கட்டும்; கணக்காளர் சம்பளத்திலும் வாடகையிலும் அந்தத் திட்டத்தின் பங்கு பட்ஜெட்டில் சேரட்டும். தயங்காமல் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகத் தருவதில்லை.

படி 5: கையிருப்பு

நின்றால் மையமே மூடப்படும் செலவுகளை மட்டும் கூட்டுங்கள். இங்கே ஆசிரியர், ஒருங்கிணைப்பாளர், வாடகை சேர்ந்து 1,08,000. மூன்று மாதத்துக்கு 3,24,000; இதுவே கையிருப்பு இலக்கு. மாதம் 500 ரூபாய் தருபவர்கள் இன்னும் 40 பேர் சேர்ந்தால், அந்த 20,000-ஐத் தனிக் கணக்கில் போட்டு, பதினேழாவது மாதத்தில் இலக்கைத் தொடலாம். யூபிஐ ஆட்டோபே வைத்தால் மாதாமாதம் நினைவூட்ட வேண்டியதில்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு (80ஜி) கிடையாது. ஆகவே வரிச்சலுகையைச் சொல்லி அழைக்காமல், குழந்தைகளின் படிப்பைச் சொல்லி அழையுங்கள்.

அறக்கட்டளைக்கு வரிவிலக்கு கிடைக்க, அதன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அதே ஆண்டில் அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 15 விழுக்காட்டை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்க்க, நோக்கத்தைக் குறிப்பிட்டு உரிய காலத்தில் படிவம் தாக்கல் செய்தால் 5 ஆண்டுவரை இடமுண்டு. மார்ச்சுக்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

படி 6: எப்போது எதைக் குறைப்பது

கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போனால் புது ஆள் எடுப்பதில்லை. ஒரு மாதத்துக்குக் கீழே போனால் சிற்றுண்டிக்கு ஊரில் பொருளாகவே உதவி தேடுவது. இப்படி முன்கூட்டியே தீர்மானம் எழுதி, ஊழியர்களுக்கும் தெரிவியுங்கள். கணக்காளரை மட்டும் முதலில் நிறுத்திவிடாதீர்கள்: கணக்கு தாமதமானால் அறிக்கை தாமதமாகும், அறிக்கை போகாமல் தவணை வராது.