பவர்ஷெல் ஃபார்மில் பின்னணி ஜாபின் நிலவரத்தைக் காட்டுவது எப்படி?

மைக்ரோசாஃப்டின் கட்டளைமொழியான பவர்ஷெல்லில் விண்டோஸ் ஃபார்ம் (பட்டன், லேபிள் போன்றவை கொண்ட ஜன்னல்) ஒன்றை அமைத்து, ஆயிரக்கணக்கான கோப்புகளை நகலெடுக்கும் வேலையைப் பட்டனின் கிளிக் நிகழ்வுக்குள்ளேயே எழுதிவிட்டால், வேலை முடியும்வரை ஃபார்ம் அசையாது. திரையை வரைவதும் உங்கள் கட்டளைகளை ஓட்டுவதும் ஒரே த்ரெட் (வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் இழை) என்பதே காரணம். காத்திருக்கும் கிளிக் போன்ற நிகழ்வுகளைக் கவனிக்கவைக்கும் டூஈவென்ட்ஸை இடையிடையே அழைத்துச் சமாளிப்போரும் உண்டு. அந்நேரத்தில் பட்டனை மறுபடி அழுத்தினால் முதல் வேலைக்குள்ளேயே இரண்டாவது வேலை கிளம்பிவிடும்.

வேலையைப் பின்னணியில் ஓட்டும் ஸ்டார்ட்-ஜாப் கட்டளையின் பக்கம் திரும்புவோர், ஜாபுக்குள்ளிருந்தே லேபிளின் டெக்ஸ்டை மாற்றப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஸ்டார்ட்-ஜாப் தன் சொந்த நினைவகத்தோடு ஓடும் தனியொரு ப்ராசஸைத் தொடங்குகிறது. லேபிளை ஆர்குமென்டாக அனுப்பினாலும், அங்கே போய்ச் சேருவது எக்ஸ்எம்எல் வழியே படியெடுத்த உயிரற்ற நகல்தான். அதில் எதை மாற்றினாலும் திரையிலுள்ள லேபிளை அது எட்டாது. ஆகவே ஜாப் ஃபார்மைத் தொடக் கூடாது; ஃபார்ம்தான் ஜாபை அவ்வப்போது விசாரிக்க வேண்டும்.

ஜாபின் ஸ்கிரிப்டில், ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் இதுவரை முடிந்த விழுக்காட்டை வெறும் எண்ணாக வெளியீட்டில் விடுங்கள். ஃபார்மில் சிஸ்டம்.விண்டோஸ்.ஃபார்ம்ஸ்.டைமர் ஒன்றை உருவாக்கி, அதன் இன்டர்வலை 200 மில்லிசெகண்டாக வையுங்கள். சிஸ்டம்.டைமர்ஸில் உள்ள இதே பெயர்கொண்ட டைமரை எடுத்துவிடாதீர்கள்: ஃபார்மின் டைமர் திரையின் த்ரெட்டிலேயே டிக் அடிக்கும், மற்றதோ ஸ்கிரிப்டை ஓட்ட ரன்ஸ்பேஸ் (பவர்ஷெல் கட்டளைகள் ஓடும் சூழல்) இல்லாத வேறொரு த்ரெட்டில் எழும். கிளிக் நிகழ்வில் பட்டனை முடக்கி, ஜாபைத் தொடங்கி, அதை ஸ்கிரிப்ட் ஸ்கோப்பிலுள்ள (ஸ்கிரிப்ட் முழுவதிலும் எட்டக்கூடிய) மாறியில் வைத்து, டைமரை ஓடவிடுங்கள். ஸ்கோப்பைக் குறிப்பிட மறந்தால் ஜாபை வைத்த மாறி அந்த நிகழ்வோடு மறைந்துபோகும். டிக் நிகழ்வுக்குக் கிடைப்பது காலி மாறிதான்.

டிக் நிகழ்வுக்குள் வரிகளின் வரிசை முக்கியம். முதலில் ஜாபின் ஸ்டேட்டை (ஓடுகிறதா, முடிந்ததா என்ற நிலையை) ஒரு மாறியில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே ஜாபின் வெளியீட்டை வாசிக்கும் ரிசீவ்-ஜாபை அழைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், வாசித்ததற்கும் ஸ்டேட்டைப் பார்த்ததற்கும் நடுவே ஜாப் முடிந்துவிடும் தருணத்தில் கடைசி எண் கைக்கு வராமலே டைமர் நின்றுபோகும்; ப்ரோக்ரஸ் பார் 97-இல் நிற்கும் மர்மம் பெரும்பாலும் இதுதான். ஒரே டிக்கில் பல எண்கள் சேர்ந்து வரக்கூடும் என்பதால், கடைசி எண்ணை மட்டும் எடுத்து ப்ரோக்ரஸ் பாரின் வேல்யூவில் இடுங்கள். ஒருமுறை வாசித்த வெளியீட்டை ரிசீவ்-ஜாப் அகற்றிவிடும். எனவே வாசித்ததையும் அகற்றாமல் வைத்திருக்கும் கீப் சுவிட்ச் இங்கே வேண்டாம். குறித்துவைத்த ஸ்டேட் கம்ப்ளீட்டட், ஃபெயில்டு, ஸ்டாப்டு ஆகியவற்றில் ஒன்றானால் டைமரை நிறுத்தி, ரிமூவ்-ஜாபை அழைத்து, பட்டனை மீண்டும் இயக்குங்கள்.

பவர்ஷெல் 7-உடன் வரும் ஸ்டார்ட்-த்ரெட்ஜாப், அதே ப்ராசஸுக்குள் ஓடுவதால் விரைவாகத் தொடங்கும். லேபிள் அங்கிருந்து கைக்கெட்டும்தான். ஆனாலும் வேறு த்ரெட்டிலிருந்து அதைத் தொடுவது பிழை. அங்கும் இதே டைமர் முறையையே நான் வைத்துக்கொள்கிறேன்.

ஃபார்ம்குளோசிங் நிகழ்வில் டைமரை நிறுத்திவிட்டு, ஸ்டாப்-ஜாபையும் ரிமூவ்-ஜாபையும் அழைக்கத் தவறாதீர்கள். இல்லாவிடில் பயனர் பாதியில் ஜன்னலை மூடிய பிறகும், பவர்ஷெல் அமர்வு திறந்திருக்கும்வரை கோப்புகள் நகலாகிக்கொண்டே இருக்கும்.